பழத்தோடு உலரும் காப்பி

காப்பிக் கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடையில் நிற்கும்போது விலைப்பலகையைப் படித்திருக்கிறீர்களா? 'பிளாண்டேஷன் ஏ', 'பீபெரி', 'செர்ரி' என்று எழுதியிருக்கும். இவற்றுள் விலை குறைந்தது பெரும்பாலும் செர்ரியாகத்தான் இருக்கும். அது ஒரு செடியின் பெயரன்று. பக்குவம் செய்யும் முறையின் பெயர். பறித்த பழத்தைத் தோலோடும் சதையோடும் வெயிலில் காயவைத்து, பின்னர் உடைத்துக் கொட்டையை எடுத்தால் அது செர்ரி. பறித்தவுடன் தோலை உரித்து, வழவழப்புப் போகக் கழுவி உலர்த்திய அராபிகா, பிளாண்டேஷன்.

நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இந்தச் செர்ரி முறையில் உலர்த்திய எத்தியோப்பியக் காப்பி ஒன்று 2020-இல் நடந்த ஏலத்தில் பவுண்டுக்கு 185 டாலருக்கு விலை போயிற்று. நம் செர்ரி பெரும்பாலும் ரோபஸ்டா, அது அராபிகா என்பது உண்மைதான். ஆனால் இந்த வேறுபாட்டுக்கு இனம் மட்டும் காரணம் அன்று.

காப்பியின் வரலாற்றில் பழத்தோடு உலர்த்துவதே மூத்த முறை. தண்ணீரும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். அராபிகாவின் தாயகம் எத்தியோப்பியாவின் மலைக்காடுகள். ஆனால் உலகச் சந்தைக்கு அது செங்கடலைத் தாண்டி, ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்தின் வழியே வந்தது. ஆகவே 1753-இல் லின்னேயஸ் அச்செடிக்கு 'அராபிகா' என்று பெயர் வைத்தார். கிழக்கு எத்தியோப்பியாவின் ஹரார் மலைகளில் விளைந்த காப்பியும் 'மோக்கா' என்ற பெயரிலேயே நெடுங்காலம் விற்பனையாயிற்று. (பிரெஞ்சுக் கவிஞர் ரேம்போ கவிதையைக் கைவிட்டு, 1880-இல் ஏடன் வணிக நிறுவனம் ஒன்றின் ஊழியராக ஹராருக்குச் சென்று காப்பிக் கொள்முதல் செய்தார் என்பதை இலக்கிய மாணவர்கள் அறிந்திருக்கலாம்.) விளைந்த இடம் ஒன்று, பெயர் பெற்ற இடம் வேறு. இந்தப் பெயர்ச் சிக்கல் பின்னாலும் வரும்.

கழுவும் முறை மழை மிகுந்த மேற்கிந்தியத் தீவுகளில் வளர்ந்தது. ஜாவாவை ஆண்ட டச்சுக்காரர்கள் அதனை 'மேற்கிந்தியப் பக்குவம்' என்றும், பழத்தோடு உலர்த்துவதைக் 'கிழக்கிந்தியப் பக்குவம்' என்றும் குறித்தார்கள். கழுவிய காப்பி மூட்டைக்கு மூட்டை ஒரே சுவையாக இருக்கும். வணிகருக்கு வேறென்ன வேண்டும்? எத்தியோப்பியாவிலும் 1970-களில் சிதாமோ, இர்காசெஃபே வட்டாரங்களில் கழுவு நிலையங்கள் பரவின. சிவந்த நல்ல பழம் அங்கே போயிற்று. மிஞ்சிய காயும், உதிர்ந்த பழமும் மண் தரையில் கொட்டி உலர்த்தப்பட்டன. இப்படி உலர்ந்ததில் மண் வாடையும் புளிப்பும் இருந்ததில் வியப்பில்லை. பழமணம் என்பதே ஒரு குறை என்று சுவைபார்ப்போர் எண்ணும் நிலை வந்தது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். (இயற்பியல் ஆசிரியனால் சும்மா இருக்க முடியாது!) காப்பிப் பழத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 65 பங்கு நீர். உலர்ந்து முடியும்போது அது 12 பங்குக்குக் குறையவேண்டும். 100 கிலோ பழத்தில் நீரல்லாத பொருள் 35 கிலோ. அது 88 பங்காக அமையவேண்டுமானால் மொத்த எடை சுமார் 40 கிலோ. அப்படியானால் 60 கிலோ நீர் ஆவியாகியிருக்கிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2400 கிலோஜூல் உள்ளுறை வெப்பம் வேண்டும். ஆக 1,44,000 கிலோஜூல். மின்சாரக் கணக்கில் 40 யூனிட். இதனைச் சூரியன் இலவசமாகத் தருகிறது.

ஆனால் வேகமாகத் தந்தால் ஆபத்து. தோல் முதலில் இறுகிவிடும். உள்ளிருக்கும் நீர் மெல்ல ஊடுருவித்தான் வெளியே வரவேண்டும். மிகத் தாமதமானாலோ பூஞ்சணம் பிடிக்கும். இதற்கிடையில் பழத்தோலில் வாழும் ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் சதையின் சர்க்கரையை நொதிக்கச் செய்து ஆல்கஹால், அமிலங்கள், எஸ்டர்கள் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. பழங்களின் மணத்துக்குக் காரணமான பொருள்களில் எஸ்டர்கள் முக்கியமானவை. நொதித்தல் எல்லை மீறினால் காடி வாடைதான் மிஞ்சும். விதையினுள்ளும் வேறுபாடு உண்டு. கழுவிய கொட்டையைவிட, பழத்தோடு உலர்ந்த கொட்டையில் குளுக்கோசும் ஃப்ரக்டோசும் அதிகம்.

ஆகவே நல்ல பழக்காப்பிக்கு முற்றிலும் சிவந்த பழம் மட்டும் வேண்டும். காற்று அடியிலிருந்தும் புகுமாறு, கால் நட்டு வலை விரித்த மேடை வேண்டும். அதில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, பகலில் பலமுறை கிளறி, இரவிலும் மழையிலும் மூடி, சொத்தையைப் பொறுக்கி எறிந்து, இரண்டு முதல் நான்கு வாரம் காவல் காக்கவேண்டும். இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். பழைய செர்ரியின் குறை முறையில் இல்லை. இத்தனை உழைப்புக்குக் கூலி கொடுக்க விலை இல்லை என்பதுதான்.

விலை எப்படி இருந்தது? நாடுகளுக்கு ஏற்றுமதிப் பங்கு வகுத்து விலையைத் தாங்கிவந்த பன்னாட்டு ஏற்பாடு 1989-இல் குலைந்தது. 2001-இல் உலக விலை பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போயிற்று. ஹராரில் பல விவசாயிகள் காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டு, மென்று போதை கொள்ளும் 'காட்' இலையைப் பயிரிட்டனர்.

இதே காலத்தில் அமெரிக்காவில் 'ஓரிடக் காப்பி'க்கு, அதாவது கலப்பின்றி ஓர் ஊரில் விளைந்ததாகக் காட்டி விற்பதற்கு, மதிப்பு ஏறிவந்தது. வறுப்பும் மாறியது. ஏறத்தாழ 200 பாகையில் கொட்டை பட்டென்று வெடிக்கும். அதன்பின் சற்றே விட்டு நிறுத்தினால் இளவறுப்பு. 230 பாகை வரை போனால் எல்லாக் காப்பியும் கரி மணத்தில் ஒன்றாகிவிடும். இளவறுப்பில் பழமணம் தப்பும். உலர்த்தியவர் செய்த தவறும் மறையாது.

ஊர்ப் பெயருக்கு விலை வந்ததும் அப்பெயர் யாருடையது என்ற வழக்கும் வந்தது. 2004-இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனம், 'வெயிலில் உலர்த்திய சிதாமோ' என்று பொருள்படும் சொற்கள் அடங்கிய பெயர் ஒன்றைத் தன் வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பித்தது. எத்தியோப்பிய அரசு 2005-இல் சிதாமோ, ஹரார், இர்காசெஃபே ஆகிய மூன்று பெயர்களுக்கும் உரிமை கோரியது. அமெரிக்கக் காப்பி வணிகர் சங்கம் எதிர்த்தது. வாதங்களுக்குப் பின் 2007 ஜூனில் இரு தரப்பும் உடன்படிக்கைக்கு வந்தன; பெயர்களின் உரிமை எத்தியோப்பியாவுக்கே என்று ஏற்கப்பட்டது.

வெளிநாட்டில் மீட்ட பெயர் உள்நாட்டிலேயே நழுவியது. 2008 முதல் காப்பி முழுவதும் அரசின் பண்டச் சந்தை வழியாகவே விற்கவேண்டும் என்றாயிற்று. கூட்டுறவு ஒன்றியங்களுக்கும் பெருந்தோட்டங்களுக்கும் மட்டும் விலக்கு. தரகர் பிடியிலிருந்து விவசாயியைக் காத்து, பணம் உடனே கிடைக்கச் செய்தது நல்ல நோக்கமே. ஆனால் மூட்டைகள் வட்டாரம், தரம் என்று மட்டும் பிரிக்கப்பட்டுக் கிடங்கில் கலந்தன. பார்த்துப் பார்த்துக் கிளறி உலர்த்திய மேடையின் காப்பி எது என்று வாங்குபவர் அறிய வழியில்லை. அறியாததற்கு யார் கூடுதல் விலை தருவார்? 2017-இல்தான் சட்டம் திருத்தப்பட்டு, விளைவித்தவர் தம் பெயரிலேயே ஏற்றுமதி செய்ய வழி பிறந்தது.

மூன்றாண்டு கழித்து வந்ததே அந்த 185 டாலர். விற்றவர் ஒரு சிதாமா விவசாயி. எனினும் அது போட்டியில் முதலிடம் பெற்ற சிறு அளவுக் காப்பி. மற்றவர்களில் பெரும்பாலோர் நிலம் ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. பழத்தைப் பறித்த அன்றே நிலையத்தில் நிறுத்துக் கொடுத்து, அன்றைய விலையை வாங்கிச் செல்கிறார்கள். மேடை போட வலை வேண்டும். நான்கு வாரம் காத்திருக்கக் கையில் காசு வேண்டும். வீட்டு முற்றத்தில் கொஞ்சம் உலர்த்தி வைப்பவர்களும் உண்டு. அது வங்கிச் சேமிப்பு போல. பணமுடை வரும்போது ஒரு மூட்டையை அவிழ்த்து விற்பார்கள். மிஞ்சியதை விருந்தினர் வந்தால் சட்டியில் கறுக்க வறுத்து, இடித்து, 'ஜெபெனா' என்ற கழுத்து நீண்ட மண்கூஜாவில் கொதிக்கவைத்துக் கொடுப்பார்கள். எத்தியோப்பியாவில் விளையும் காப்பியில் ஏறத்தாழப் பாதி அந்நாட்டிலேயே குடிக்கப்படுகிறது.