சூட்டில் ஸ்ரார்ட் வராத கார்

காலையில ஒரு திறப்பிலேயே பிடிக்கும். நல்லூரில இருந்து ரவுணுக்குப் போய் நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப எடுத்தால், எஞ்சின் நல்லாச் சுத்தும், ஆனால் பிடிக்காது. அரை மணித்தியாலம் ஆறவிட்டால் ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்ரார்ட் வரும். எங்களில் ஒருவரின் வீட்டுப் பழைய டீசல் காரின் கதை இது. பற்றறி மாத்தினோம், பில்ரர் மாத்தினோம். வருத்தம் மாறவில்லை.

கராஜ் ஐயா பொனற்றைத் திறக்க முதலே கேட்டார்: "சூட்டில தானே, தம்பியவை?" பிறகு டீசல் பம்புக்கு மேல ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டார். பத்து நிமிசத்தில கார் பிடிச்சிட்டுது.

டீசல் எஞ்சினில் பொறி தரும் பிளக் இல்லை. காற்றை இறுக்கிச் சூடாக்கி, அதற்குள் டீசலைப் பெரும் அழுத்தத்தில் பீச்சினால் அது தானாகவே பற்றும். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது பம்ப். பம்ப் தேய்ந்திருந்தால், சூட்டில் இளகிய டீசல் இடுக்குகளால் கசிந்துவிடும்; ஆறினால் தடித்து, திரும்ப அழுத்தம் பிடிக்கும். "இது ஓடித் தேஞ்சது. அந்த நாளில மண்ணெண்ணெய் குடிச்சுத் தேஞ்ச பம்புகள் எத்தனை பாத்தனான்" என்றார் ஐயா.

அந்த நாள் என்பது 1990களின் பொருளாதாரத் தடைக் காலம். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு பெற்றோல், டீசல், பற்றறி எல்லாம் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. கிடைத்தது மண்ணெண்ணெய், அதுவும் மட்டுமட்டாக. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் அதில்தான் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் லேசில் ஆவியாகாது. அதனால் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். தோட்டத்து இறைப்பு மெசினின் அதே வித்தைதான். அங்கே சூட்டில பிடிக்கும், குளிரில பிடிக்காது. எங்கட காருக்கு நேர் எதிர்.

டீசல் வாகனங்களுக்கு வேறு சிக்கல். பம்பின் உள்ளுறுப்புகளுக்கு வழுவழுப்புக் கொடுப்பதும் டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புப் போதாது. எண்ணெய் கலந்து ஓட்டினார்கள். ஓடியது, ஆனால் தேய்ந்தது.

இந்தக் கதையை எங்கட வீடுகளில் பெருமையாகத்தான் சொல்லுவினம்: "நாங்கள் மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஆக்கள்." பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கெட்டித்தனத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று தவறிப்போகும். இரவில் பிள்ளைப்பேற்று வலியோடு ஒருத்தி காத்திருக்க, போத்தலில் கடைசிச் சொட்டுப் பெற்றோலும் முடிந்திருந்தால்? 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி, நல்லூருக்கு அங்கால செம்மணி வழியால், கூடுதலும் நடந்தும் சைக்கிளை உருட்டியும்தான் போனது. ஓடின காரைப் பற்றிக் கதை மிஞ்சும். ஓடாத காரைப் பற்றிக் கதைக்க ஆக்கள் குறைவு.

2002இல் ஏ9 பாதை திறந்தது. நாங்கள் அறிந்த தட்டுப்பாடு 2022இல் வந்த வரிசையும் கியூஆர் கோட்டும்தான். அது முழு நாட்டுக்கும் வந்த கஷ்டம். 1990களில் வந்தது ஒரு பக்கத்துச் சனத்துக்கு வேண்டுமென்றே வைத்த தடை. இரண்டையும் ஒரே சாக்கில் போடக்கூடாது.

இடைக்கிடை வரும் பழுதைப் பிடிக்க ஐயா முதலில் கேட்டது "எப்ப பிடிக்குதில்லை?" என்றதைத்தான். வரலாற்றுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும் என்று நினைக்கிறோம். இன்றைக்கு வீட்டில் அம்மம்மாவிடம், அப்பப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெயில் கார் எப்படி ஓடியது என்று இல்லை; கார் பிடிக்காத இரவில் என்ன நடந்தது என்று.