வற்றல் காட்டிய வழி

ரொறன்ரோவின் சீனக் கடைகளிலும் இத்தாலியர் கடைகளிலும் கயிற்றில் தொங்கும் உலர்ந்த சொசேஜ்களைக் காணும்போது, இவை நமக்கு அந்நியமான உணவென்றே எண்ணுகின்றோம். செய்முறையை நோக்கின் அவ்வாறன்று. உப்பு இறைச்சியின் நீரை வெளியேற்றும். காற்று எஞ்சியதை உலர்த்தும். ஈரம் குறைந்தால் கிருமிகள் பெருகா. வன்னியில் நம் முன்னோர் மான், மரை இறைச்சியை வெயிலில் வற்றலாக்கியதும் இவ்வறிவினாலேயே.

அவ்வற்றலுக்கு வரலாற்றிலும் இடமுண்டு. 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்ட ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், 1679இல் தோழர் ஒருவருடன் தப்பிப் புறப்பட்டார். வழியில் வினவியோரிடம், மான் வற்றல் வாங்க வந்ததாகக் கூறினார். அச்சொல் நம்பப்பட்டது. அநுராதபுரக் காடுகளைக் கடந்து, அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னார்ப் பகுதியின் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான தம் நூலில் அவரே இதனை எழுதியுள்ளார். மறித்தவர்க்கெல்லாம் விடை கூறி எல்லை கடந்த நமக்கு இக்கதை விளங்கும்.

எனினும், இல்லாத காலத்துக்கெனச் சேமித்த உணவு நாள்தோறும் உண்பதற்கன்று. உலர்ந்த சொசேஜில் புரதம் மிகுதி. உப்பும் கொழுப்பும் அவ்வாறே. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்குமென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் அறிவித்தது. நாளொன்றுக்கு 50 கிராம் உண்பின், பெருங்குடற் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 வீதம் உயரும். சீனர் சில துண்டுகளையே சோற்றுடன் வேகவைத்து மணமூட்டுவர். நம் அன்னையர் கருவாட்டைக் கையாண்ட அளவும் அதுவே. பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டியிலும் அவ்வளவைப் பேணுவோமாக.