வீட்டுக்குள் விளையாட்டு: எந்தப் பிள்ளையும் ஓரமாக உட்கார வேண்டாம்

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நம் பிள்ளைகள் நாள் கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பார்கள். ஓடியாடும் பிள்ளைகள் எப்படியாவது ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்துக் கொள்வார்கள். அதே வீட்டில் நடக்க இயலாத பிள்ளையோ பார்வையில்லாத பிள்ளையோ இருந்தால், கையில் செல்போனைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்து விடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கும் உடல் அசைய வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

விளையாட்டின் விதியைச் சற்று மாற்றினாலே பெரும்பாலும் வழி பிறந்துவிடும். கோல்பால் இதற்கு நல்ல முன்மாதிரி. இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1946-இல் உருவாக்கப்பட்ட ஆட்டம் இது. பந்துக்குள் மணி இருக்கும்; ஆடுபவர்கள் எல்லோருமே கண்ணை மறைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில், ஒரு பந்தைப் பாலிதீன் பையில் சுற்றிக் கட்டினால் உருளும்போது சரசரவென்று கேட்கும். நானாவும் ராத்தாவும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு தரையில் உட்காரட்டும். டிவியை நிறுத்திவிடுங்கள். இந்த ஆட்டத்தில் தோற்கப்போவது யார் என்பது உங்களுக்கே தெரியும்!

சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்குப் போச்சியா பொருந்தும். வெள்ளைப் பந்துக்கு அருகே தன் பந்தைக் கொண்டு சேர்ப்பதுதான் ஆட்டம். கையால் எறிய இயலாதவர்கள் சாய்தளத்தில் உருட்டிவிடலாம். நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாயை ஸ்டூலில் சாய்த்து வைத்தால் போதும். பாராலிம்பிக்கில் சாய்தளத்தைத் திருப்பிக் கொடுக்கும் உதவியாளர் களத்துக்கு முதுகு காட்டித்தான் இருக்க வேண்டும். குறி பார்ப்பது ஆட்டக்காரரின் வேலை. உம்மாவும் அப்படியே பிள்ளை சொல்லும் பக்கம் குழாயைத் திருப்பட்டும், யோசனை சொல்ல வேண்டாம்.

காது கேளாத பிள்ளை இருந்தால் கைதட்டலுக்குப் பதில் வண்ணக் கைக்குட்டையை அசைக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. அடுத்து என்ன, எப்போது முடியும் என்பதைப் படம் காட்டி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தலையணைகளை அறைக்கு அறை சுமந்து செல்வதே சில பிள்ளைகளுக்கு அமைதி தரும் விளையாட்டு.

பல்லாங்குழியின் 14 குழிகளையும் விரலால் தடவியே எண்ணி ஆடலாம். புளியங்கொட்டையை வாயில் போடும் வயதுப் பிள்ளைகள் மட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இரக்கப்பட்டு ஒரு பிள்ளையை மட்டும் எப்போதும் ஜெயிக்க விடாதீர்கள். அதுவும் தோற்கட்டும், கோபித்துக் கொள்ளட்டும், மறுபடி ஆட வரட்டும். இதயக் கோளாறோ வலிப்போ உள்ள பிள்ளை என்றால் எவ்வளவு ஆடலாம் என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.