குடியேறியவர்களின் விடுதலை

அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றி நம் பள்ளிப் பாடநூல்கள் தந்த சித்திரம் மிக எளிமையானது. தொலைதூரத்து மன்னன், அநியாய வரி, கடலில் கொட்டப்பட்ட தேயிலை, ஜார்ஜ் வாஷிங்டன், வெற்றி. இந்த வரிசையை வாசிக்கும் இந்திய மனம் அதில் உடனே தன்னைக் கண்டுகொள்கிறது. தேயிலைக்கு வரி விதித்த அதே அரசுதானே பின்னாளில் நம் உப்புக்கும் வரி விதித்தது? ஆகவே பாஸ்டன் துறைமுகத்தையும் வேதாரண்யம் கடற்கரையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பது நமக்கு இயல்பாகிவிட்டது.

இந்த ஒப்புமையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது ஓர் அடிப்படை வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. 'காலனி' என்ற ஒரே சொல்லை நாம் இரு வேறு நிலைமைகளுக்குப் பயன்படுத்துகிறோம். இந்தியா அந்நியர் வந்து ஆண்ட நாடு. அமெரிக்கா அந்நியர் வந்து குடியேறி, தமதாக்கிக்கொண்ட நாடு. 1776இல் கலகக்கொடி உயர்த்தியவர்கள் அந்த மண்ணின் ஆதிக்குடிகள் அல்லர். அவர்களை அப்புறப்படுத்தியவர்களின் சந்ததியினர். இதற்கு நம் சூழலில் இணை தேடினால், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலேயர் பல தலைமுறைகளாக இங்கே பெருகி, ஊர்களையும் வயல்களையும் கைக்கொண்டு, பிறகு ஒருநாள் லண்டனுக்குக் கட்டுப்படமாட்டோம் என்று அறிவித்ததாகக் கற்பனை செய்ய வேண்டியிருக்கும். அந்தக் கற்பனையில் நாம் நிற்கும் இடம் எது என்ற கேள்வியோடு இவ்வரலாற்றை மீண்டும் வாசிக்கலாம் என்று தோன்றுகிறது.

*

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அட்லாண்டிக் கரையோரமிருந்த பதின்மூன்று காலனிகளின் மக்கள், உலகிலேயே குறைவாக வரி செலுத்தியவர்களுள் அடங்குவர். கடலைக் கடந்து ஓர் ஆணை வந்துசேர ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். இந்தத் தூரத்தின் தயவில் அவர்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளப் பழகியிருந்தார்கள். விர்ஜீனியாவின் சட்டமன்றம் 1619லேயே கூடியது. வரி விதிக்கும் உரிமை தம் சட்டமன்றங்களுக்கே உண்டு என்பது அவர்களுக்கு நூறாண்டுப் பழக்கத்தில் ஊறிய நம்பிக்கை.

1763இல் முடிந்த ஏழாண்டுப் போர் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. பிரான்ஸ் கனடாவை இழந்தது. வென்ற பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரு மடங்காகியது. அதே ஆண்டில் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பிரகடனம் ஒன்று அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே குடியேறுவதைத் தடை செய்தது. ஆதிக்குடிகளுடன் ஓயாத போர் நடத்தப் பணமில்லை என்பதே அதன் காரணம். ஆனால் அந்த நிலங்களின் மீது கண் வைத்திருந்தவர்களுள் வாஷிங்டனும் ஒருவர். வரிக்கு எதிரான கோபத்தைப் பேசும் நாம் நிலத்தின் மீதான இந்த ஆசையைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

1765இல் முத்திரைச் சட்டம் வந்தது. நீதிமன்றப் பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் முத்திரை வரி. தொகை பெரிதல்ல. ஆனால் தாம் பிரதிநிதி அனுப்பாத ஒரு மன்றம் தம் பையில் கைவிடலாமா என்ற கேள்வி பெரிது. எதிர்ப்பு வலுக்கவே மறு ஆண்டே சட்டம் திரும்பப் பெறப்பட்டது. எனினும் காலனிகளுக்காக எவ்விதச் சட்டமும் இயற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என்று பாராளுமன்றம் அதே கையோடு அறிவித்துக்கொண்டது. பின்னர் நடந்தவை யாவும் இந்த ஒரு வாக்கியத்தைக் குறித்த சண்டையே எனலாம்.

*

தேயிலையின் கதை நம் மண்ணையும் தொடுகிறது. 1769இல் ஹைதர் அலி சென்னையின் வாசல்வரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்குப் பணியவைத்தார். அவ்வாண்டு லண்டனில் கம்பெனியின் பங்குகள் சரிந்தன. தொடர்ந்து வங்கத்தில் பெரும் பஞ்சம். 1772இன் நிதி நெருக்கடியில் கம்பெனி அரசிடம் கையேந்தி நின்றது. அதன் கிடங்குகளில் விற்காத சீனத் தேயிலை குவிந்திருந்தது. 1773இல் பாராளுமன்றம் கம்பெனிக்குக் கடன் கொடுத்தது; இந்திய நிர்வாகத்துக்கு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது; தேயிலையை அமெரிக்காவுக்கு நேரடியாக அனுப்பி விற்கவும் வழிசெய்தது.

இதனால் தேயிலையின் விலை உண்மையில் குறைந்தது. ஆனால் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் நீக்கப்படவில்லை. மலிவான தேயிலையை வாங்கிக் குடித்தால் வரி விதிக்கும் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும். பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் 'ரஸ்டிகஸ்' என்ற புனைபெயரில் எழுதிய கடிதத்தில், வங்கத்தில் இந்தக் கம்பெனி செய்ததைச் சுட்டிக்காட்டி, அதே கை இப்போது நம்மை நோக்கி நீள்கிறது என்ற பொருள்பட எச்சரித்தார். 1773 டிசம்பர் 16 இரவு, மோஹாக் ஆதிக்குடிகளைப்போல வேடமணிந்த ஆட்கள் பாஸ்டனில் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினர். எவருடைய நிலத்தைப் பிடித்தார்களோ அவர்களுடைய வேடத்தையே தம் சுதந்திரத்தின் அடையாளமாக அவர்கள் தேர்ந்ததை யோசித்துப் பார்க்க வேண்டும்.

லண்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடியது. மாசசூசெட்ஸின் தன்னாட்சியைப் பறித்தது. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கிகள் வெடித்தன. அப்போதும் பலர் பிரிவினையை விரும்பவில்லை. பாராளுமன்றம்தான் கெட்டது, மன்னர் நம் தந்தை என்பதே பொது நம்பிக்கை. அவ்வாண்டு ஜூலையில் அனுப்பிய சமாதான மனுவை மன்னர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். அந்த நம்பிக்கையின் எச்சத்தை 1776 ஜனவரியில் தாமஸ் பெய்னின் 'காமன் சென்ஸ்' என்ற சிறுநூல் உடைத்தது. இங்கிலாந்திலிருந்து வந்து ஓராண்டே ஆகியிருந்த பெய்ன், கெட்ட மன்னன் நல்ல மன்னன் என்ற பேச்சை விடுத்து, மன்னராட்சியே அபத்தம் என்று வாதிட்டார். ஜூலை 4இல் ஏற்கப்பட்ட சுதந்திரப் பிரகடனத்தின் குற்றப்பட்டியல் முழுக்க மன்னரை நோக்கியே இருப்பது தற்செயலல்ல. பாராளுமன்றத்தின் அதிகாரத்தை அவர்கள் ஏற்கெனவே மறுத்துவிட்டார்கள். அறுக்க எஞ்சியிருந்தது அந்த ஓர் இழைதான்.

*

போரை வென்றதில் வாஷிங்டனின் பெரிய சாதனை, தோல்விகளுக்கிடையில் தன் படையைக் கலையாமல் காத்ததே. 1777-78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் நோயாலும் பற்றாக்குறையாலும் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மாண்டனர். அதற்குச் சற்று முன் சரடோகாவில் ஓர் ஆங்கிலேயப் படை சரணடைந்திருந்தது. அதைக் கண்டு 1778இல் பிரான்ஸ் துணைக்கு வந்தது. 1781இல் யார்க்டவுனில் காரன்வாலிஸ் சரணடைந்தபோது, கடல்வழியை அடைத்து நின்றது பிரெஞ்சுக் கப்பற்படை. ஒரு மன்னராட்சிக்கு எதிரான குடியரசின் வெற்றிக்கு மற்றொரு மன்னரின் கருவூலம் செலவழித்தது.

அந்தப் போரின் கடைசிச் சண்டைகளுள் ஒன்று நம் கடலூரில் நடந்தது. 1783 ஜூனில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் அங்கே முற்றுகையிட்டனர். கடலில் சுஃப்ரேனின் கப்பல்கள் மோதின. ஜனவரியிலேயே ஐரோப்பாவில் சமாதானத்துக்குக் கையொப்பமாகிவிட்ட செய்தி ஜூன் இறுதியில்தான் வந்துசேர்ந்தது. இருதரப்பிலும் செத்த சிப்பாய்களுக்கு அது எவருடைய சுதந்திரம் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. யார்க்டவுனில் தோற்ற காரன்வாலிஸ் 1786இல் கவர்னர் ஜெனரலாக இங்கு வந்தார்; 1792இல் திப்புவின் நாட்டில் பாதியைப் பறித்தார்; உயர் பதவிகளிலிருந்து இந்தியரை விலக்கினார்.

*

பிரகடனம் எல்லா மனிதரும் சமம் என்றது. அதை எழுதிய ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். 1775 நவம்பரில் விர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் மன்னரின் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அது கருணையன்று, போர்த்தந்திரம். ஆயினும் ஆயிரக்கணக்கானோர் ஆங்கிலேயர் பக்கம் ஓடினர். வாஷிங்டனின் பண்ணையிலிருந்து தப்பிய ஹாரி என்பவர், 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய ஏறத்தாழ மூவாயிரம் கறுப்பின மக்களுள் ஒருவராக நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார். அவருக்கு விடுதலை மன்னரின் கொடியின் கீழ்தான் கிடைத்தது. பாரிஸ் உடன்படிக்கை மிசிசிப்பி ஆறுவரையிலான நிலத்தைப் புதிய நாட்டுக்குக் கொடுத்தது. அங்கே வாழ்ந்த ஆதிக்குடிகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அப்படியானால் அந்தப் புரட்சி வெறும் போலியா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 1781இல் மாசசூசெட்ஸில் எலிசபெத் ஃப்ரீமன் என்ற அடிமைப் பெண், எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று புதிய அரசியலமைப்பு சொல்கிறதே, அது எனக்கும் பொருந்தாதா என்று வழக்காடி வென்றார். 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் ஹோ சி மின் வியட்நாமின் சுதந்திரத்தை அறிவித்தபோது, ஜெஃபர்சனின் அந்த வரியைச் சொல்லியே தொடங்கினார். உண்மையாகவே அந்நியரால் ஆளப்பட்ட ஒரு நாடு, குடியேறியவர்களின் வாக்கியத்தைத் தன் வாக்கியமாக எடுத்துக்கொண்டது. எழுதியவர்கள் தமக்கென்று எழுதியதைப் பிறர் தமக்கும் உரியதென்று வாசித்தார்கள். அந்தப் புரட்சியை நம்முடையது என்று கொண்டாட நமக்கு ஏதேனும் உரிமை இருக்குமானால், அது பாஸ்டனில் தேயிலை கொட்டியவர்கள் வழியாக வருவதன்று. எலிசபெத் ஃப்ரீமன் வழியாக வருவது.