மீண்டும் பந்தி கூடிய மண்டபம்

பழைய கட்டடத்தைக் கண்டதும் இடிக்கச் சொல்வோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மெமோரியல் ஹாலின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வடவர் பக்கம் நின்று மடிந்த ஹார்வர்டு மாணவர் 136 பேரின் நினைவாக, பழைய மாணவர்கள் பணம் திரட்டி எழுப்பியது இது. 1870-இல் அடிக்கல், 1874-இல் அர்ப்பணம். வெளித்தோற்றத்தில் பேராலயமே. உள்ளேயோ மாணவருக்கு மாபெரும் உணவுக்கூடம்! மாண்டவர் பெயர் பொறித்த கற்பலகைகளைக் கடந்துதான் பந்திக்குப் போக வேண்டும். தெற்கத்தியர் பக்கம் நின்று மாண்ட ஹார்வர்டு மாணவர் பெயர் ஒன்றும் அங்கில்லை. அது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

1920-களில் அங்கே உணவு நின்றது. பிறகு தேர்வு, நடனம் என்று எதற்கெல்லாமோ பயன்பட்டது. 1956-இல் தீப்பற்றிக் கோபுர உச்சியும் போயிற்று.

1990-களில் வந்த புதுப்பிப்பாளர்கள் மர விதானத்தையும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும் காத்துச் செப்பனிட்டார்கள். மாணவர் கூடிப் பேசுமிடத்தை நிலவறையில் அமைத்தார்கள். பத்திரிகை அதிபர் வால்டர் அன்னன்பர்க், மாணவப் பருவத்தில் இறந்த தம் மகன் ரோஜரின் நினைவாகப் பொருளுதவி செய்தார். 1996-இல் முதலாண்டு மாணவருக்காக மீண்டும் பந்தி கூடியது. கோபுரம் எழுந்ததோ 1999-இல்தான். நம் ஊராயிருந்தால் கோபுரத்துக்கே முதல் வசூல் நடந்திருக்கும்! இங்கே உணவு முந்திக்கொண்டது நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.