போல்யூவின் 11 துணித் துண்டுகள்: சோழமண்டலச் சாயத் தொழிலும் அரசு உளவின் அளவுகோலும்

தொழில் உளவின் வரலாற்றில் ஜே. ஆர். ஹாரிஸின் நூலைக் கடக்காமல் யாரும் எழுத முடியாது. 1998இல் வெளிவந்த அந்தப் பெருநூல், 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் தொழில் நுட்பங்களைப் பிரான்ஸ் எப்படிக் கவர்ந்தது என்பதை ஆவணம் ஆவணமாக நிறுவுகிறது. மான்செஸ்டரில் துணித் தொழில் செய்த ஜான் ஹோல்க்கர் பிரான்சுக்குத் தப்பிப்போய், 1755இல் அந்நிய ஆலைத் தொழில்களுக்கான தலைமை ஆய்வாளராகவே அமர்த்தப்பட்டார். உளவுக்கென்று அரசே பதவி வைத்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஹாரிஸின் வாதம் இரண்டு தூண்களில் நிற்கிறது. முதலாவது சட்டம். கைவினைஞர்களை அயல்நாட்டுக்கு ஆசைகாட்டி இழுப்பதை பிரிட்டன் 1719இல் தடுத்தது. துணித் தொழில் கருவிகளின் ஏற்றுமதியை 1774இல் தடுத்தது. வேலி இருந்ததால், தாண்டியவர் யார் என்பது தெரிகிறது. இரண்டாவது கைத்திறன். வரைபடமும் அறிக்கையும் போதா. உலையருகே வளர்ந்த தொழிலாளியே வந்தால்தான் நுட்பமும் வந்து சேரும் என்பது அவருடைய உறுதியான முடிவு. நிலக்கரி உலைகளைப் பொறுத்தவரை அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

நூலின் எல்லை பிரிட்டனும் பிரான்சும்தான். அந்த எல்லைக்காக ஆசிரியரைக் குறைசொல்வது நியாயமாகாது. ஆனால் அங்கே உருவான அளவுகோலையே உளவுக்குப் பொது இலக்கணமாகக் கொண்டால், சோழமண்டலக் கரையில் பிரெஞ்சுக்காரர் சாய நுட்பத்தைத் திரட்டியது உளவுக் கணக்கிலேயே வராது. இங்கே வேலியிட்ட சட்டம் இல்லை. சாயக்காரர் யாரும் கப்பலேற்றப்பட்டதாகவும் நான் இங்கே பார்க்கப்போகும் ஆவணங்கள் சொல்லவில்லை. எனவே அது பயணக் குறிப்பாகவும் அறிவுப் பரவலாகவும் வகைப்படுத்தப்பட்டுவிடுகிறது. இந்த வகைப்பாட்டை நான் ஏற்கவில்லை. இரண்டு தூண்களையும் அசைப்பதற்குப் பாரிஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கையெழுத்துப்படி போதும்.

அதை எழுதியவர் போல்யூ என்ற கடற்படை அதிகாரி. எழுதச் சொன்னவர் துஃபே: அறிவியல் கழக உறுப்பினர், அரச தாவரத் தோட்டத்தின் தலைவர், பிரான்ஸ் அரசின் சாயத் தொழில் ஆய்வாளர். புதுச்சேரியில் ஒரு சீட்டித் துணியைத் தம் கண்ணெதிரிலேயே எழுதச் செய்தார் போல்யூ. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்தார். அப்படிச் சேர்ந்தவை 11 துண்டுகள்.

அந்தக் கட்டங்களின் வரிசையைப் பார்க்க வேண்டும். வெளுத்த துணி கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறுகிறது. பாலின் கொழுப்பு, பின்னால் எழுதப்படும் நிறமூன்றி (சாயத்தைப் பிடித்து நிறுத்தும் கரைசல்) துணியில் பரவாமல் காக்கிறது. கரித்தூளால் வடிவம் பதிகிறது. இரும்புக் காடியால் எழுதிய கோடு கடுக்காயோடு சேர்ந்து கறுக்கிறது. சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீர் எழுதப்படுகிறது. அப்போது அங்கே சிவப்பு ஏதும் தெரியாது. சாயவேரில் கொதித்த பிறகுதான் படிகாரம் பட்ட இடம் சிவக்கிறது. மற்ற இடம் சாணமும் வெயிலும் பட்டு மறுபடி வெளுக்கிறது. நீலத்துக்கு மெழுகால் மறைப்பிட்டு அவுரித் தொட்டியில் நனைப்பார்கள்.

முடிந்த துணியை எத்தனை முறை புரட்டினாலும் இந்த வரிசை தெரியாது. வெட்டியெடுத்த துண்டுகளில் தெரியும். ஹாரிஸ் சொல்லும் கைத்திறன் தடையைத் தாண்டுவதற்கென்றே வகுத்த வழி இது. தொழிலாளியை அழைத்துப் போக முடியாத இடத்திலிருந்து, அவர் வேலையின் இடைநிலைகளைத் துணியாகவே எடுத்துப் போவது. சாயத் தொழிலின் உயிர் வேதியியலில் இருப்பதால், துஃபே போன்ற ஒருவருக்கு அந்தத் துண்டுகள் சோதனைப் பொருள்கள். வேடிக்கை பார்க்க வந்த பயணி துணியை இப்படிக் கட்டம் கட்டமாக வெட்டுவதில்லை.

கையெழுத்துப்படியின் காலம் உறுதியாகவில்லை. அதைப் பதிப்பித்த பி. ஆர். ஷ்வார்ட்ஸ் 1734ஐ ஒட்டிய காலம் என்கிறார். துஃபே 1739இல் இறந்துவிட்டதால் மேலெல்லை கிடைக்கிறது. அதற்குமேல் நெருக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. என் வாதத்துக்கு அந்த எல்லையே போதும். ஏனென்றால் 1686 முதல் 1759 வரை பிரான்சில் சீட்டித் துணிக்குத் தடை. இறக்குமதியும் உள்நாட்டில் அச்சிடுவதும் குற்றம். கையெழுத்துப்படி இந்தத் தடையின் நடுவில் விழுகிறது. சாயக்காரரின் துணிக்குக் கதவைச் சாத்திய அதே அரசின் ஆய்வாளர், அவரது செய்முறையைக் கேட்டறிய ஆள் வைத்திருக்கிறார்.

“அவர்கள் எதையும் மறைக்கவில்லையே; வெட்டவெளியில் செய்த வேலையைப் பார்த்தது எப்படித் திருட்டாகும்?” என்பது வலுவான மறுப்பு. இதற்கு என்னிடம் இருப்பது மெல்லிய சான்றுதான்: 1742 ஜனவரி 18 தேதியிட்டு ஏசுசபைப் பாதிரியார் கேர்தூ பாரிஸிலிருந்த து ஆல்துக்கு எழுதிய கடிதம். சாயத் தொழிலில் தேர்ந்த, அண்மையில் தாம் திருமுழுக்களித்த கிறித்தவர்களை வெவ்வேறு சமயங்களில் தனித்தனியே கேட்டுச் செய்தி திரட்டியதாக அவரே எழுதுகிறார். நினைவுப் பிழையைத் தவிர்க்க அப்படிக் கேட்டிருக்கலாம். அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் ஊரறிந்த செய்தியை இப்படிச் சரிபார்க்க வேண்டிய தேவை என்ன? ஒருவர் சொல்வது முழுமையாக இராது என்ற ஐயம் கேட்டவருக்கு இருந்தது என்றே படிக்கிறேன். திருமுழுக்களித்த குரு கேட்கும்போது சீடர் மறுப்பது எளிதும் அன்று. சீனத்து ஜிங்தேசென்னின் பீங்கான் செய்முறையைத் தான்த்ரகொல் பாதிரியார் 1712இலும் 1722இலும் எழுதியனுப்பியபோதும் அவருக்குச் சொன்னவர்களில் மதம் மாறிய தொழிலாளர்கள் இருந்தார்கள். கேர்தூவின் கடிதத்துக்குத் துணைக் குறிப்புகள் தந்த பியேர் புவாவ்ர், பின்னாளில் மொரிசியஸ் தீவின் அரசு நிர்வாகியாக இருந்து, டச்சுக்காரர் காவலிலிருந்த கிராம்பு, சாதிக்காய்க் கன்றுகளை 1770இல் கடத்துவித்தவர். தொடர்பு தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் ஒரே வட்டத்தின் ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

கவர்ந்த அறிவு எவ்வளவு பயன்பட்டது? இங்கே என் முடிவு அரைகுறையானது. தடை நீங்கிய மறு ஆண்டு, 1760இல், ஜூயி ஊரில் ஓபர்காம்ப் தொடங்கிய ஆலை மரக்கட்டை அச்சையும் மஞ்சிட்டி இனத்து ஐரோப்பிய வேரையும் நம்பியது. போல்யூவின் தாளிலிருந்து ஜூயிக்கு நேர்க்கோடு இழுக்க மாட்டேன். ஆயினும் அறத்தைப் பலனால் மட்டும் அளக்கக் கூடாது. ஹோல்க்கர் கொண்டுவந்தது பயன்பட்டதா என்று பார்த்தா அவரை உளவாளி என்கிறோம்?

வேலி இருந்ததா என்று கேட்கும் இந்த அளவுகோல் பழங்கதையும் அன்று. 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையின் 39ஆம் பிரிவு, வணிக ரகசியத்துக்கு மூன்று அடையாளம் வைக்கிறது: மறைவாக இருக்க வேண்டும், மறைவால் மதிப்புப் பெற வேண்டும், உரியவர் காக்கத் தக்க முயற்சி எடுத்திருக்க வேண்டும். சென்னைக்கு அருகே காட்டாங்குளத்தூரை ஒட்டி மறைமலைநகர் வரை நிற்கும் ஆலைகளும் ஆய்வுக்கூடங்களும் கையெழுத்து ஒப்பந்தத்தாலும் கடவு அட்டையாலும் இதில் தேறிவிடும். உறவுக்குள்ளும் தெருவுக்குள்ளும் கைமாறிய சாயவேர் அறிவு தேறாது. இந்தியச் சட்ட ஆணையம் வணிக ரகசியமும் பொருளாதார உளவும் பற்றி 289ஆம் அறிக்கையை 2024 மார்ச்சில் அளித்தது. வணிக ரகசியத்துக்கென ஒரு சட்ட வரைவையும் இணைத்தது. அது சட்டமாகும்போது, பூட்டு இருந்ததா என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. கேட்டவர் யார், எந்த அதிகாரத்தில் கேட்டார், கொடுத்தவருக்குச் சந்தை திறந்திருந்ததா என்பவையும் விசாரணைக்கு வர வேண்டும். ஹாரிஸின் அளவுகோலில் விடுபட்டவை இந்த மூன்றுமே. இவற்றைச் சேர்த்து அளந்தால், புதுச்சேரியில் போல்யூ செய்தது அரசு ஏவிய தொழில் உளவு என்பதில் எனக்கு ஐயமில்லை.