இரண்டிலும் நான்கிலும் தட்டியவர்கள்

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிக்குப் போன எல்லாருக்கும் ஜெரமி மொன்டேரோவின் மெட்டு ஒன்றாவது தெரியும். 'ஒன் பீப்பிள், ஒன் நேஷன், ஒன் சிங்கப்பூர்.' 1990-இல் வந்த தேசிய தினப் பாட்டு. வரிகள் ஜிம் எய்ட்சிசன், இசை மொன்டேரோ. ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் பள்ளி மண்டபத்தில் வியர்க்க வியர்க்க நின்று பாடியிருப்போம். ஆனால் அந்த மெட்டைப் போட்டவர் ஒரு ஜாஸ் பியானோக்காரர் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1988-இல், சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ ஜாஸ் விழாவில் அவர் வாசித்தார். அப்போது அவருக்கு வயது 28. கூட இருந்தவர்கள் சிகாகோவைச் சேர்ந்த இரண்டு கறுப்பினக் கலைஞர்கள். பாஸ் வாசித்த எல்டீ யங்குக்கு 52, டிரம்ஸ் வாசித்த ரெட் ஹோல்ட்டுக்கு 56.

இந்த இருவரும் எப்படி நம் ஊர்ப் பையனோடு போய்ச் சேர்ந்தார்கள் என்று தேடப் போனால், கதை 1965-க்குப் போகிறது. அங்கே நமக்குக் கிடைப்பது இவர்கள் மட்டுமல்ல; இவர்களுக்குக் கைதட்டிய ஒரு கூட்டமும்தான். எனக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

முதலில் 'ஹார்ட் பாப்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். 1940களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் உருவாக்கிய 'பீபாப்' மின்னல் வேகம், கணக்கு வழக்கு எல்லாம் நிறைந்தது. நடனமாட வந்தவர்கள் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். 1950களில் ஆர்ட் பிளேக்கி, ஹோரஸ் சில்வர் போன்றவர்கள் அதே வித்தையைக் கறுப்பினத் தேவாலயப் பாட்டோடும் ப்ளூஸோடும் மறுபடி கட்டிப்போட்டார்கள். கணக்கு அப்படியே இருந்தது, காலுக்கு வேலையும் திரும்பக் கிடைத்தது. அதுதான் ஹார்ட் பாப். தேவாலயத்தின் பக்கம் இன்னும் சாய்ந்த அதன் கிளை 'சோல் ஜாஸ்'.

இந்த இசையை ஸ்டுடியோவில் பிடிப்பது பாதிக் கிணறுதான் என்று சீக்கிரமே புரிந்துபோனது. 1954 பிப்ரவரி 21 இரவு, நியூயார்க்கின் பேர்ட்லண்ட் கிளப்புக்கு ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தன் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போனார். மேடையில் பிளேக்கி, சில்வர், சாக்ஸபோனில் லூ டொனால்ட்சன், பாஸில் கர்லி ரஸ்ஸல், ட்ரம்பெட்டில் 23 வயது கிளிஃபர்ட் பிரவுன். இரண்டே வருடத்தில் கார் விபத்தில் போய்விடப் போகிற பிரவுன். புளூ நோட் நிறுவனம் வெளியிட்ட அந்த இசைத்தட்டில் அறிவிப்பாளர் பீ வீ மார்க்கெட்டின் கீச்சுக்குரலும், கூட்டத்தின் சத்தமும், இளைஞர்களோடுதான் இனி இருக்கப்போகிறேன், இவர்களுக்கு வயதானால் இன்னும் இளையவர்களைப் பிடித்துக்கொள்வேன் என்று பிளேக்கி சொல்வதும் எல்லாம் இருக்கின்றன. சும்மா சொல்லவில்லை மனுஷன். அடுத்த 35 வருடம் அதையே செய்தார். லீ மோர்கன், வேய்ன் ஷார்ட்டர், வின்டன் மார்சாலிஸ் என்று அவர் குழுவில் தேறி வெளியே போனவர்களின் பட்டியல் நீளமானது.

பேர்ட்லண்டில் கூட்டம் பின்னணியில் இருக்கிறது. அதே கூட்டம் முன்னணிக்கு வந்த பதிவு என்று நான் நினைப்பது ராம்ஸி லூயிஸ் ட்ரியோவின் 'தி இன் கிரவுட்'.

லூயிஸ், யங், ஹோல்ட் மூவரும் சிகாகோக்காரர்கள். 'தி கிளெஃப்ஸ்' என்ற நடனக் குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள். 1956-இல் மூவராக முதல் இசைத்தட்டு போட்டார்கள். அதன் பிறகு ஒன்பது வருடம் மதிப்பான, ஆனால் பெரிய பரபரப்பில்லாத வாழ்க்கை. 1965 மே மாதம் வாஷிங்டனின் யூ ஸ்ட்ரீட்டில் இருந்த பொஹீமியன் கேவர்ன்ஸ் என்ற நிலவறைக் கிளப்பில் வாசிக்க வந்தார்கள். உள்ளே குகை மாதிரியே சுவரும் கூரையும் கட்டியிருந்த இடம். ஒலிப்பதிவுக்குப் பாட்டுகள் தயார், கடைசியில் ஜாலியாக ஒன்று வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள். காப்பிக்கடையில் பரிமாறிய ஒரு பெண், டோபி கிரே பாடி அப்போது பிரபலமாக இருந்த 'தி இன் கிரவுட்' பாட்டைக் கேட்டீர்களா என்று கேட்டாராம். ஜூக்பாக்ஸில் போட்டுக் கேட்டார்கள், அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். லூயிஸ் பின்னாளில் பேட்டிகளில் சொன்ன கதை இது.

பதிவைக் கேட்டுப் பாருங்க. ஏறத்தாழ ஆறு நிமிடம். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கைதட்டல் சேர்ந்துவிடுகிறது. பாட்டு முடிந்த பிறகு தட்டும் மரியாதைத் தட்டல் இல்லை இது. பாட்டுக்குள்ளேயே, தாளத்தோடு, விடாமல். நடுவே யாரோ கத்துகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். பியானோ சத்தத்தைக் குறைத்து ரகசியம் பேசுகிற மாதிரி இறங்கும்போது கூட்டமும் கூடவே இறங்கிக் காத்திருக்கிறது. திரும்ப ஏறும்போது வரும் ஆரவாரத்தில், யார் யாரை ஏற்றிவிட்டார்கள் என்று பிரிக்க முடியாது.

பொறியியல் படித்தவனுக்கு இதைக் கேட்டதும் ஃபீட்பேக் ஞாபகம் வரும். வெளியே போன சமிக்ஞையில் ஒரு பங்கு உள்ளே திரும்பி வந்தால் அமைப்பு தன்னைத் தானே ஏற்றிக்கொள்ளும். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்தால் 'கீ...' என்று அலறுவது அதனால்தான். யாராவது அளவைப் பிடித்து வைக்க வேண்டும். இங்கே அந்த வேலையைப் பார்ப்பவர்கள் யங்கும் ஹோல்ட்டும். கூட்டம் எவ்வளவு கொதித்தாலும் பாஸும் டிரம்ஸும் வேகத்தைக் கூட்டவே இல்லை. அலறிவிடும் எல்லையில் ஆறு நிமிடம் நிறுத்தி வைக்கிறார்கள். எழுதி வைத்துக்கொண்டு செய்யக்கூடிய காரியமில்லை.

எந்த இடத்தில் தட்டுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். நமக்கு ஆதி தாளத்தில் சமம்தான் பெரிய தட்டு, முதல் எண்ணிக்கை. சின்ன வயதில் மிருதங்க வகுப்பில் முதலில் கைக்கு ஏறுவது அதுதான். இவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, இரண்டிலும் நான்கிலும் தட்டுகிறார்கள். மூன்று நாள் பேருந்தில் தொடையில் தட்டிப் பழகிய பிறகுதான் எனக்கு அது சுகமாக வந்தது. இந்தத் தட்டு தேவாலயத்திலிருந்து வந்தது. தேவாலயத்துக்கு அது வந்த வழி கொடியது. தென் கரோலினாவில் 1739-இல் ஸ்டோனோ என்ற இடத்தில் அடிமைகள் முரசறைந்துகொண்டு கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த வருடமே வந்த சட்டம் அவர்கள் முரசும் கொம்பும் வைத்திருப்பதைத் தடுத்தது. முரசைப் பிடுங்கலாம், கையையும் காலையும் என்ன செய்வது? தரையை மிதித்தார்கள், தொடையையும் மார்பையும் தட்டினார்கள். முரசின் வேலையை உடம்பு எடுத்துக்கொண்டது. வாஷிங்டன் நிலவறையில் கேட்கும் அந்தச் சந்தோஷமான தட்டலுக்குப் பின்னால் இருநூறு வருடத்துக்கும் மேலான பழக்கம் இருக்கிறது.

தேதிகளையும் பாருங்கள். 1965 மார்ச்சில் அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை கேட்டு நடந்த கறுப்பின மக்கள் அடிபட்டார்கள். மே மாதம் இந்தப் பதிவு. ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் தனிநாடானது. அக்டோபரில் 'தி இன் கிரவுட்' அமெரிக்கப் பொதுவான பாட்டுப் பட்டியலிலேயே ஐந்தாம் இடத்துக்கு வந்துவிட்டது. ஜாஸ் மூவர் குழு ஒன்றுக்கு இது சாதாரண விஷயமில்லை. கிராமி விருதும் கிடைத்தது.

உடனே, இது ஜாஸே இல்லை, விலைபோய்விட்டார்கள் என்று சொல்லவும் ஆள் வந்தது. எங்கும் அப்படித்தான். கைதட்டல் அதிகமானால் கலை குறைந்துவிட்டது என்று நினைக்கிற ஒரு பார்வை உண்டு. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களைக் குறை சொல்கிற நாமே, யாராவது சத்தமாகத் தாளம் போட்டால் திரும்பி முறைக்கிறோம். மௌனமாகக் கேட்பதும் ஒரு ரசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும்தான் ரசனை என்றால் ஹார்ட் பாப்பில் பாதி போய்விடும்.

1966-இல் மூவரும் பிரிந்தார்கள். யங்கும் ஹோல்ட்டும் தனிக் குழு அமைத்தார்கள். லூயிஸிடம் ஹோல்ட்டின் இடத்துக்கு வந்தவர் மோரிஸ் வைட், பிற்பாடு 'எர்த், விண்ட் அண்ட் ஃபயர்' குழுவைத் தொடங்கியவர். 1970களில் யங்கும் ஹோல்ட்டும் கூடத் தனித்தனியாகப் போனார்கள். 1980களில் சிங்கப்பூரின் ஹோட்டல்கள் இரவு தோறும் நேரடி இசை வைத்தபோது இந்த இருவரும் இங்கே வந்து வாசித்தார்கள். இளைஞரான மொன்டேரோவுக்கு, ஒரு காலத்தில் இசைத்தட்டில் கேட்ட கைகள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தன. இளையவர்களோடு இருப்பேன் என்று பிளேக்கி மேடையில் சொன்னதை இவர்கள் நம் ஊரில் வாழ்ந்து காட்டினார்கள்.

சிங்கப்பூருக்கு ஜாஸ் அப்போதுதான் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஜாலான் புசாருக்கும் சிராங்கூன் சாலைக்கும் இடையே 1923-இல் நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா திறந்தது. அங்கிருந்த நடன அரங்கில் வாத்தியக் குழுக்கள் ஸ்விங் வாசித்தன. அந்தக் காலத்தில் இந்த ஊர் நடனக் குழுக்களில் பிலிப்பினோ கலைஞர்கள் நிறைய. 1987-இல் பூங்கா மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் இன்று சிட்டி ஸ்குவேர் மால் நிற்கிறது. ஃபேரர் பார்க் எம்ஆர்டியில் இறங்கிச் சாமான் வாங்கப் போகிற நமக்கு, காலுக்குக் கீழே ஒரு நடனத் தளம் இருந்தது தெரியாது. அங்கே ஆடியவர்கள் எங்கே கத்தினார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதைச் சொல்ல ஓர் 'இன் கிரவுட்' நமக்கு இல்லை. கட்டடத்தின் படம் இருக்கிறது, கூட்டத்தின் சத்தம் இல்லை.

இது ஜாஸ் ரசிகர்களின் கவலை மட்டும்தானா? சிராங்கூன் சாலையிலேயே பதில் இருக்கிறது. தைப்பூச ஊர்வலப் பாதையில் வாத்தியம் வாசிக்க 1973-இல் தடை வந்தது. ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை சுமார் 4 கிலோமீட்டர் தூரம் காவடி நடக்க வேண்டும். மேளம் இல்லாத அந்த வருடங்களில் காவடிக்காரரை நடத்திக்கொண்டு போனது கூட வந்தவர்களின் கைதட்டலும் 'வேல் வேல்' முழக்கமும்தான். அண்ணன் தோளில் காவடி, தங்கச்சி கையில் தாளம். 2016-இல் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. தென் கரோலினாவின் அடிமைச் சட்டத்தையும் ஒரு நகரத்தின் ஊர்வல விதியையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். வைத்தால் அடிமைப்பட்டவர்களின் வேதனையைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆனால் ஒரு விஷயம் இரண்டு இடத்திலும் நடந்தது. வாத்தியம் இல்லாத இடத்தில் தாளத்தைத் தூக்கிப் பிடித்தவர்கள் கலைஞர்கள் இல்லை, சாதாரண ஜனங்கள். தாளம் கூட்டத்திடம் இருந்ததால்தான் அது பிழைத்தது.

அதனால்தான் ரசிகன் என்ற சொல்லை நுகர்வோர் என்று சுருக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. டிக்கெட் வாங்கினேன், கேட்டேன், நட்சத்திரம் போட்டேன் என்பதோடு முடிவதில்லை அது. 2002-இல் எஸ்பிளனேட் திறந்த பிறகு நமக்கு உலகத் தரமான அரங்கம் கிடைத்தது. அதே வருடம் மொன்டேரோவுக்குக் கலாசாரப் பதக்கமும் கிடைத்தது. 2016-இல் சிங்கப்பூர் ஜாஸ் சங்கம் அமைந்தது, அதன் நிறுவனர்களில் அவரும் ஒருவர். அரங்கம், விருது, சங்கம் எல்லாம் அரசும் கலைஞர்களும் கட்டக்கூடியவை. கூட்டத்தை மட்டும் யாரும் கட்டித் தர முடியாது. அதை நாமேதான் ஒவ்வொரு இரவும் போய்ச் செய்ய வேண்டும்.

யங் 2007-இல் பாங்காக்கில் காலமானார், சிகாகோவிலிருந்து எவ்வளவோ தூரத்தில், நம் பக்கத்து ஊரில். லூயிஸ் 2022-இல். 91 வயதில் ஹோல்ட் 2023-இல். இசைத்தட்டின் உறையில் மூவரின் பெயரும் இருக்கிறது. அன்று 20 வயதில் அந்தக் குகைக்குள் கைதட்டிய யாராவது உயிரோடு இருந்தால் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் பெயர் உறையில் இல்லை, ஆனால் பாட்டு முழுக்க அவர்கள்தான் இருக்கிறார்கள்.

அடுத்த தடவை ஏதாவது ஒரு சின்ன அரங்கில், அது ஜாஸ் ஆகட்டும், ஸ்டார்லைட் சாலையில் சிஃபாஸ் கச்சேரி ஆகட்டும், தனி தொடங்கும்போது எழுந்திருக்காதீங்க. தாளம் போடுங்க. எண்ணிக்கை ஒன்றிரண்டு தவறினாலும் பரவாயில்லை, பக்கத்திலிருப்பவர் கையைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளலாம்.